என்ஐடபிள்யூ நானே ஃபைல் பண்ணலாமா, இல்ல ஈபி1ஏ-க்கு ப்ரொஃபைல் ரெடி பண்ணணுமா? ஹெச்1பி அஞ்சாவது வருஷம்

நீரோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு: ஹெச்1பி-ன்னா அமெரிக்கால வேலை பார்க்கிற விசா, என்ஐடபிள்யூ-ன்னா கம்பெனி ஸ்பான்சர் இல்லாம நாமளே கிரீன் கார்டுக்கு மனு போடுற வழி, ஈபி1ஏ-ன்னா துறைல உச்சத்துல இருக்கிறவங்களுக்கான வழி.

இந்தியால கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சிட்டு இங்க வந்து என்விரான்மென்டல் இன்ஜினியரிங்ல எம்எஸ் பண்ணேன். 2021 அக்டோபர்ல ஹெச்1பி ஆரம்பிச்சுது, அப்படின்னா 2027 செப்டம்பரோட அதுக்கான ஆறு வருஷ லிமிட் முடியுது. கம்பெனில பெர்ம் (கிரீன் கார்டுக்கு முன்னாடி, இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கலன்னு காட்டுற படி) ஆரம்பிச்சாங்க, வேலைக்கு விளம்பரம் குடுக்கிற ஸ்டேஜ் வரைக்கும் போச்சு, அதுக்குள்ள எங்க டிவிஷன்ல லேஆஃப் வந்துடுச்சு, லாயர் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாருன்னு சொன்னாங்க. ஹெச்ஆர்ல கேட்டா அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்னு சொல்றாங்க. இதோட மூணு குவார்ட்டர் ஆச்சு.

என் வேலை குடிதண்ணில இருக்கிற, லேசுல அழியாத பிஎஃப்ஏஎஸ் கெமிக்கலை எடுக்கிறது. 2024 ஏப்ரல்ல இபிஏ (அமெரிக்க சுற்றுச்சூழல் துறை), அந்த வகைல இருக்கிற பிஎஃப்ஓஏ பிஎஃப்ஓஎஸ் ரெண்டுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம்னு லிமிட் வச்சாங்களே, அதுக்கப்புறம் எங்க டீமுக்கு மூச்சு விட நேரமில்ல. சின்ன ஊர்கள்ல கிணத்துத் தண்ணிய சப்ளை பண்றவங்களுக்கு பெரிய பிளான்ட் கட்ட காசு இருக்காது, அவங்களுக்காக கார்பன் ஃபில்டரையும் அயன் எக்ஸ்சேஞ்சையும் சேர்த்து எப்ப எதை மாத்தணும்னு கணக்கு போடுற ஒரு முறை உருவாக்கினேன். மூணு இடத்துல பைலட் ஓடிட்டிருக்கு. பேப்பர் அஞ்சு, சைட்டேஷன் 140 சொச்சம், ரெண்டு ஜர்னலுக்கு ரிவ்யூ பண்றேன்.

போன வாரம் ஒரு கன்சல்டன்சில இருந்து கூப்பிட்டாங்க. என்ஐடபிள்யூ எல்லாம் வேஸ்ட் மேடம், ஈபி1ஏ போங்க, 18 மாசத்துல நாங்களே உங்க ப்ரொஃபைலை பில்ட் பண்ணித் தரோம், அவார்டு, மெம்பர்ஷிப், உங்களைப் பத்தி ரெண்டு ஆர்ட்டிகிள் எல்லாம் பேக்கேஜ்லயே வரும்னு சொன்னாங்க. கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, ஆனா எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கன்னும் சொல்றாங்க.

என் கேள்விகள்: என்ஐடபிள்யூ-வா ஈபி1ஏ-வா? லாயர் இல்லாம நானே ஃபைல் பண்ண முடியுமா? கம்பெனிக்குத் தெரிய வருமா? இன்னொண்ணு, கணவர் இப்ப ஹெச்4-ல (ஹெச்1பி-ல இருக்கிறவங்க துணைக்கான விசா) வீட்டுல இருக்கார். அவங்க அப்பா மஸ்கட்ல வேலை பாத்ததால இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கதான், காலேஜுக்குத்தான் இந்தியா வந்தார், பத்து வருஷம் சாஃப்ட்வேர்ல நல்ல வேலைல இருந்துட்டு எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்து ரெண்டு வருஷமா சும்மா இருக்கிறது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. அவருக்கு சொந்தமா ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிக்கணும்னு ஆசை. ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) அப்ரூவ் ஆனா அவருக்கு வேலை பார்க்க பெர்மிட் கிடைக்குமா?

கியூவில்நிற்பவன்:

சகோதரி, முதல்ல ஒரு விஷயத்தை மனசுல தெளிவா வச்சுக்கோங்க, நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. என்ஐடபிள்யூ-ங்கிறது தனி க்யூ கிடையாது. அது ஈபி2-ங்கிற, வேலை அடிப்படை கிரீன் கார்டோட ரெண்டாவது பிரிவுக்குள்ள நுழையிற இன்னொரு வாசல், அவ்வளவுதான். கம்பெனி ஸ்பான்சரும் வேண்டாம், பெர்மும் வேண்டாம், நீங்களே உங்களுக்கு மனு போட்டுக்கலாம். ஆனா உள்ள போனதும் அதே ஈபி2 வரிசைலதான் நிக்கணும்.

சட்டப்படி வருஷத்துக்கு வேலை அடிப்படைல சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதுல ஈபி1 ஈபி2 ஈபி3 ஒவ்வொண்ணுக்கும் 28.6 சதவீதம், அதாவது 40,000 சொச்சம். இதுல மனைவி கணவர் பிள்ளைங்க எல்லாரையும் சேர்த்து எண்ணுவாங்க. ஒரு நாட்டுல பிறந்தவங்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. விசா புல்லட்டின்னு மாசாமாசம் வரும், எந்தத் தேதி வரைக்கும் வரிசைல நின்னவங்களுக்கு நம்பர் வந்திருக்குன்னு சொல்றது, 2025 அக்டோபர் புல்லட்டின்ல இந்தியாவுக்கு ஈபி2 தேதி 2013 ஏப்ரல் 1. ஈபி1 கூட அப்ப 2022 பிப்ரவரி 15-லதான் நின்னுச்சு. நான் 2015 பிரையாரிட்டி டேட் (வரிசைல இடம் பிடிச்ச தேதி) வச்சிருக்கேன், என் மூத்த பையன் அப்ப எல்கேஜி, இப்ப ஹைஸ்கூல். அவன் 21 தாண்டுறதுக்குள்ள நம்பர் வந்துடணும்னு ஒவ்வொரு மாசமும் புல்லட்டின் வர்ற அன்னைக்கு ராத்திரி உக்காந்து பாத்துட்டிருக்கேன்.

இதைச் சொல்றது உங்களை பயமுறுத்த இல்ல. என்ஐடபிள்யூ போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு போடுங்க. முதல் லாபம், ஆறு வருஷத்துக்குள்ள ஐ-140 அப்ரூவ் ஆகி உங்க தேதி இன்னும் வராம இருந்தா ஹெச்1பி-ய மூணு மூணு வருஷமா நீட்டிக்கலாம், எந்த கம்பெனி மூலமாவும் நீட்டிக்கலாம், ஐ-140 நீங்களே போட்டதா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டாவது, இந்த பிரையாரிட்டி டேட் உங்க சொத்து. நாளைக்கு வேற கம்பெனி ஈபி3 போட்டாலும் நீங்களே ஈபி1ஏ போட்டாலும் இந்த பழைய தேதி கூடவே வரும். மூணாவது உங்க கணவர் விஷயம். ஐ-140 அப்ரூவ் ஆனா ஹெச்4 ஈஏடி, அதாவது வேலை பெர்மிட், அப்ளை பண்ணலாம், 2015 மே மாசத்துல இருந்து இது இருக்கு. அதை வச்சு யார்கிட்டயும் வேலை பார்க்கலாம், சொந்தக் கம்பெனியும் ஆரம்பிக்கலாம்.

ஆனா ஒண்ணு. ஐ-140 அப்ரூவல்ங்கிறது ஸ்டேட்டஸ் கிடையாது. நாளைக்கு லேஆஃப் ஆனா அதே 60 நாள் அவகாசம்தான், என்ஐடபிள்யூ கையில இருக்குன்னு இங்க உக்காந்திருக்க முடியாது.

பழையலேப்:

நீரோட்டம், அந்த கன்சல்டன்சி நம்பரை முதல்ல பிளாக் பண்ணும்மா. உனக்கு வயித்தக் கலக்குச்சுன்னா அது சரியாத்தான் கலக்கியிருக்கு.

நான் ஈபி1ஏ-ல வாங்கினவ, பயாலஜி ஆளு. பத்து கிரைட்டீரியால மூணு காட்டினா போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பாதி உண்மை. 2010-ல கசாரியன்னு ஒரு கேஸ் வந்தப்புறம் ரெண்டு படியா பாக்குறாங்க. மூணு டிக் ஆச்சான்னு பாக்குறது முதல் படி. அதுக்கப்புறம் எல்லாத்தையும் மொத்தமா எடுத்து வச்சு, இந்த ஆளு நிஜமாவே தன் துறைல உச்சத்துல இருக்கிற கொஞ்ச பேர்ல ஒருத்தரான்னு பாப்பாங்க. காசு குடுத்து வாங்கின அவார்டு முதல் படில தப்பிச்சாலும் ரெண்டாவது படில பல்லிளிச்சிடும். யார் குடுத்தாங்க, எத்தனை பேர் போட்டி போட்டாங்க, என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு, ஜெயிச்சவங்க லிஸ்ட் எங்கன்னு ஆபீசர் கேப்பார். எனக்கே ரிவ்யூ பண்ணதுக்கு சர்ட்டிஃபிகேட் மட்டும் வச்சிருந்ததுக்கு, எடிட்டர் ஏன் உங்களைத் தேர்ந்தெடுத்தார்னு ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேக்குற நோட்டீஸ்) வந்துச்சு, அவ்வளவு நுணுக்கமா பாக்குறாங்க.

இன்னொண்ணு இதைவிட முக்கியம். வேணும்னே பொய்யான விஷயத்தைக் காட்டி கிரீன் கார்டு வாங்கப் பாத்ததா ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அது வாழ்நாள் தடை வரைக்கும் போகும். பேக்கேஜ் வித்தவன் அப்ப போனை எடுக்க மாட்டான். பெட்டிஷன்ல கையெழுத்து உன்னோடது, பெனல்டி ஆஃப் பெர்ஜுரின்னு அடில எழுதியிருக்கும், அதுக்குக் கீழதான் நீ கையெழுத்து போடுற.

உன் ப்ரொஃபைல் இன்னைக்கு ஈபி1ஏ-க்கு பத்தாது, மறைச்சுச் சொல்ல விரும்பல. ஆனா என்ஐடபிள்யூ-க்கு நல்ல அழகான கேஸ். எம்எஸ் இருக்கு, வேலைக்கும் படிப்புக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, நாடு பூராவும் இருக்கிற பிரச்சனை, நீ செஞ்சதை வேற இடத்துல எடுத்துப் பயன்படுத்திட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும். என்ஐடபிள்யூ இப்ப போடு, ரெண்டு மூணு வருஷம் நேர்மையா வேலையச் செய், ஈபி1ஏ அப்புறம் தானா வரும், அப்ப இந்தத் தேதி கூட வரும்.

விதைநிலம்:

மேல அக்கா சொன்னதோட என் அனுபவத்தையும் சேக்குறேன், ஏன்னா எனக்கு ஒரு தடவை டினை ஆகி ரெண்டாவது தடவை கிடைச்சுது, அந்த ரெண்டு பெட்டிஷனுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு உதவும்.

நான் சொந்தமா கம்பெனி நடத்துறேன், வயல்ல மண் ஈரத்தை அளக்கிற சென்சார். என்ஐடபிள்யூ-க்கு அடிப்படை தனாசர்னு 2016 டிசம்பர்ல வந்த தீர்ப்பு, அது சொல்ற மூணு விஷயம்தான் எல்லாம். நீங்க செய்யப் போற வேலைக்கு மதிப்பும் நாட்டளவுல முக்கியத்துவமும் இருக்கணும், அதைச் செய்ய நீங்க தகுதியான நிலைல இருக்கணும், ஜாப் ஆஃபரும் பெர்மும் வேண்டாம்னு விட்டுக் குடுக்கிறது நாட்டுக்கு நல்லதுன்னு தோணணும். அந்த தீர்ப்பையே ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, இன்டர்நெட்ல ஃப்ரீயா கிடைக்கும், பெரிசு இல்ல. அதுல தனாசர்ங்கிறவர் ஹைப்பர்சோனிக் ப்ரொபல்ஷன்ல ஆராய்ச்சி பண்றவர், கூடவே காலேஜ்ல பாடமும் எடுக்கிறவர். ஆராய்ச்சிய தேசிய முக்கியத்துவம்னு ஏத்துக்கிட்டாங்க. பாடம் எடுக்கிறதை ஏத்துக்கல, அது நல்ல வேலைதான் ஆனா அதோட பலன் அவர் மாணவர்களைத் தாண்டி துறை முழுக்கப் போகுதுன்னு காட்டலன்னு எழுதினாங்க. இந்த ஒரு இடம் புரிஞ்சா பாதி கேஸ் புரிஞ்ச மாதிரி.

எனக்கு முதல் தடவை அதுலதான் அடி விழுந்துச்சு. "என் கம்பெனி அஞ்சு வருஷத்துல 12 பேருக்கு வேலை குடுக்கும், இவ்வளவு வருமானம் வரும்"னு 40 பக்கம் பிசினஸ் பிளான் வச்சேன். ஆபீசர் திருப்பி எழுதினது, இது உங்களுக்கும் உங்க கஸ்டமருக்கும் லாபம், நாட்டுக்கு என்னன்னு கேட்டு டினை. மூணு நாள் சாப்பாடு இறங்கல. டினை ஆனா மறுபடி போடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது தடவை பிளானை பத்து பக்கமா சுருக்கினேன். வறட்சி வர்ற பகுதில தண்ணி எவ்வளவு மிச்சமாச்சுன்னு ஒரு யூனிவர்சிட்டி ஃபீல்டு ட்ரயல் பண்ணி எழுதிக் குடுத்த ரிப்போர்ட், என் அளவீட்டு முறைய நான் யாருன்னே தெரியாத ரெண்டு பேர் தங்கள் வேலைல பயன்படுத்தினதுக்கு லெட்டர், காசு குடுத்து வாங்கின கஸ்டமர் கான்ட்ராக்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனில என் பங்கு எவ்வளவுன்னு காட்டுற பேப்பர். 2022 ஜனவரில யூஎஸ்சிஐஎஸ் (இந்த மனுவெல்லாம் பாக்குற அமெரிக்க அரசுத் துறை) பாலிசி மேனுவல்ல தொழில்முனைவோருக்குன்னே என்ன மாதிரி எவிடென்ஸ் காட்டலாம்னு சேர்த்தாங்க, 2025 ஜனவரிலயும் அப்டேட் பண்ணாங்க, அதை வரிக்கு வரி வச்சுத்தான் அடுக்கினேன்.

உங்க கேஸ்ல எழுத வேண்டிய முக்கியமான வரி ப்ரொபோஸ்டு எண்டெவர், அதாவது நீங்க செய்யப் போற முயற்சி. "வாட்டர் ட்ரீட்மென்ட் இன்ஜினியரா தொடர்ந்து வேலை பார்ப்பேன்"னு எழுதினீங்கன்னா அது வேலையோட பேரு, முயற்சி இல்ல. "சின்ன குடிநீர் அமைப்புகள் குறைஞ்ச செலவுல பிஎஃப்ஏஎஸ் லிமிட்டுக்குள்ள வர்றதுக்கு ஃபில்டர் மாத்துற நேரத்தைக் கணிக்கிற முறைய இன்னும் மேம்படுத்தி, வேற வேற வகைத் தண்ணில சோதிச்சு, எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெளியிடுவேன்"னு எழுதுங்க. இப்ப இருக்கிற கம்பெனில இல்லன்னாலும் இது நடக்குமான்னு உங்களையே கேட்டுப் பாருங்க. நடக்கும்னா அது உங்களோட எண்டெவர்.

லெட்டர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ஆறு லெட்டரையும் நீங்களே டிராஃப்ட் பண்ணிக் குடுத்தா ஆறும் ஒரே வாய்ல பேசும், அதே அடைமொழி அதே வாக்கிய அமைப்பு, படிக்கிறவருக்கு ரெண்டாவது லெட்டர்லயே தெரிஞ்சிடும். பைலட் ஓடுற மூணு ஊர்லயும் பிளான்ட் ஆபரேட்டர் இருப்பாங்கல்ல, அவங்க தங்கள் பாஷைல "முன்னாடி இத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கார்பன் மாத்துவோம், இப்ப இத்தனை மாசம் வருது, இவ்வளவு மிச்சம்"னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா அது பெரிய ப்ரொஃபசர் லெட்டரை விட கனமானது.

நீரோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உண்மையா கண்ணு கலங்கிடுச்சு. பழையலேப் அக்கா, பிளாக் பண்ணிட்டேன். விதைநிலம், அந்த ஆபரேட்டர் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, அதுல ஒருத்தர் 30 வருஷமா அதே பிளான்ட்ல இருக்கிறவர், நான் போனா சாம்பிள் பாட்டிலுக்கெல்லாம் தன் கையாலயே லேபிள் எழுதி வச்சிருப்பார், அவர் கண்டிப்பா எழுதிக் குடுப்பார்.

கியூவில்நிற்பவன் அண்ணா, பையனுக்கு நேரத்துல கிடைக்கணும்னு வேண்டிக்கிறேன். எப்படியும் 2013 தேதி ஓடிட்டிருக்கிற வரிசைல 2025 தேதியோட நிக்கப் போறேன்னா கிரீன் கார்டை மறந்துட்டு ஹெச்1பி நீட்டிக்கவும் இவருக்கு ஈஏடி வாங்கவும் மட்டும்தான் இதுன்னு மனசைத் தேத்திக்கிறேன். அப்ப பிரீமியம் (கூடுதல் ஃபீஸ் கட்டி சீக்கிரம் பதில் வாங்குறது) போடணுமா, சாதாரணமா போட்டா போதுமா?

ரெண்டுபாஸ்போர்ட்:

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். மேல எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க, ஆனா முக்கியமான வரியை யாருமே கவனிக்கல. உங்க கணவர் பிறந்தது மஸ்கட்னு எழுதியிருக்கீங்களே!

வரிசை பாஸ்போர்ட்டை வச்சு இல்ல. பிறந்த நாட்டை வச்சு. இந்தியக் குடிமகனா இருந்தாலும் ஓமன்ல பிறந்திருந்தா அவர் கணக்கு ஓமன் கணக்குலதான் வரும். இன்னும் ஒரு படி மேல, கணவன் மனைவி சேர்ந்து கிரீன் கார்டு வாங்கும்போது ஒருத்தர் பிறந்த நாட்டை இன்னொருத்தரும் எடுத்துக்கலாம். பெட்டிஷன் போட்டது நீங்களா இருந்தாலும் உங்க கணவரோட நாட்டை நீங்க எடுத்துக்கலாம். கிராஸ் சார்ஜபிலிட்டின்னு பேரு. இது ஓட்டை இல்ல, குறுக்கு வழியும் இல்ல, குடும்பம் பிரியக் கூடாதுன்னு சட்டத்துலயே வச்சிருக்கிற விதி.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்த நாட்டுல பிறக்காம, பிள்ளை பிறந்தப்ப அங்க வசிக்கவும் இல்லாம, சும்மா டூர் போன இடத்துல பிறந்திருந்தா பெற்றோர் நாட்டுக் கணக்குக்குப் போகலாம். உங்க மாமனார் அங்க வேலை பாத்து குடும்பத்தோட இருந்தார்ங்கிறதால அந்தக் கேள்வி உங்களுக்கு வராது.

எனக்கு இப்படித்தான் நடந்துச்சு. என் மனைவி பிறந்தது தோஹா. நான் ஆறு வருஷம் இந்தியா வரிசைல நின்னுட்டிருந்தேன், கம்பெனி லாயர் ஒரு தடவை கூட கேக்கல, அவங்க ஃபார்ம்ல என் விவரம் மட்டும்தான் கேட்டாங்க. ஒரு நாள் மனைவியோட பாஸ்போர்ட்டை ரினியூ பண்ண உக்காந்து பிளேஸ் ஆஃப் பெர்த்னு டைப் பண்ணும்போதுதான் எனக்கே பொறி தட்டுச்சு. அந்த ஆறு வருஷத்தை நினைச்சா இப்பவும் ராத்திரில தூக்கம் கலையும், அதனாலதான் இந்த மாதிரி ஒரு வரி எங்க பாத்தாலும் ஓடி வந்து எழுதிடுறேன். வளைகுடால பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைங்க எத்தனை பேர், இலங்கைல பிறந்தவங்க, மலேசியா சிங்கப்பூர்ல பிறந்தவங்க எத்தனை பேர் இந்தியாக்காரரைக் கல்யாணம் பண்ணிட்டு இது தெரியாம உக்காந்திருக்காங்க.

இப்ப உங்க கணக்கு. 2025 அக்டோபர் புல்லட்டின்ல தனி வரிசை இல்லாத மத்த நாடுகளுக்கு ஈபி2 ஃபைனல் ஆக்ஷன் தேதி, அதாவது கிரீன் கார்டே குடுக்குற தேதி, 2023 டிசம்பர் 1. டேட்ஸ் ஃபார் ஃபைலிங் சார்ட்ல, அதாவது கடைசி விண்ணப்பத்தைப் போட விடுற தேதி, 2024 ஜூலை 15, அந்த மாசம் யூஎஸ்சிஐஎஸ் இந்த ரெண்டாவது சார்ட்டைத்தான் ஏத்துக்கிட்டாங்க. அதாவது உங்க காத்திருப்பு பத்துக்கணக்கான வருஷம் இல்ல, சில வருஷம். தேதி முன்னாடியும் போகும் பின்னாடியும் போகும், அதனால இத்தனை மாசம்னு யாராலயும் எழுதிக் குடுக்க முடியாது, ஆனா இது வேற வரிசை.

அதனால நீங்க கேட்ட பிரீமியம் கேள்விக்குப் பதிலும் மாறுது. என்ஐடபிள்யூ-ல பிரையாரிட்டி டேட் அப்ரூவ் ஆகிற நாள் இல்ல, பெட்டிஷன் அவங்க கைக்குப் போய் சேர்ற நாள். அதனால சீக்கிரம் ஃபைல் பண்றதுதான் முக்கியம், பிரீமியம் அப்புறம் கூட சேர்த்துக்கலாம். பிரீமியம் ஃபீஸ் 2025-ல 2,805 டாலரா இருந்துச்சு, என்ஐடபிள்யூ-க்கு 45 வேலை நாள்ல ஏதாவது ஒரு பதில் சொல்லுவாங்க, அந்தப் பதில் ஆர்எஃப்இ-யாவும் இருக்கலாம். கணவருக்கு ஈஏடி சீக்கிரம் வேணும்னா பிரீமியம் அர்த்தமுள்ளது, இல்லன்னா மாசக்கணக்குல இழுக்கும். அவசரத்துல அரைகுறையாவும் போடாதீங்க, ஃபைல் பண்ற அன்னைக்கு என்ன தகுதி இருக்கோ அதைத்தான் பாப்பாங்க, அப்புறம் வந்த பேப்பரும் அப்புறம் கிடைச்ச அவார்டும் பழைய பெட்டிஷனைக் காப்பாத்தாது.

கியூவில்நிற்பவன்:

ரெண்டுபாஸ்போர்ட், கோடி புண்ணியம் உங்களுக்கு. நான் அந்த வரியைப் படிச்சிட்டே தாண்டிப் போயிட்டேன். சகோதரி, நான் சொன்ன 2013 கணக்கை அழிச்சிடுங்க, மன்னிச்சுக்கோங்க.

நீரோட்டம்:

கை நடுங்குது டைப் பண்ண. இவருக்குப் படிச்சுக் காட்டினேன், நம்பல, நாலு தடவை திரும்பப் படிச்சார். அப்புறம் ஊர்ல அவங்க அப்பாவுக்கு போன் போட்டார், அங்க விடியக்காலை, மாமா எழுந்து பீரோல இருந்து ஒரு பழைய மஞ்சக் கவரை எடுத்து வீடியோ கால்ல காட்டினார், உள்ள மஸ்கட் பர்த் சர்ட்டிஃபிகேட் இருக்கு. அரபில இருக்கு, கூட இங்கிலீஷ்லயும் கொஞ்சம் இருக்கு. ஆனா பேரு ஸ்பெல்லிங் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி இல்ல, ஒரு எழுத்து வித்தியாசம், அப்பா பேரும் சேர்ந்து ஒரே பேரா இருக்கு. பாஸ்போர்ட்ல பிறந்த இடம் மஸ்கட்னு சரியா இருக்கு. இது பிரச்சனையாகுமா? ஐ-140-லயே இதைச் சொல்லணுமா?

ரெண்டுபாஸ்போர்ட்:

ஐ-140 உங்க தகுதியைப் பத்தினது மட்டும், அதுல இதுக்கு வேலை இல்ல. கடைசில ரெண்டு பேரும் ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) போடும்போதுதான் இது வரும். கவர் லெட்டர்ல மேலயே தெளிவா, கணவர் பிறந்த நாட்டை வச்சு கிராஸ் சார்ஜபிலிட்டி கேக்குறோம்னு எழுதி, அவர் பர்த் சர்ட்டிஃபிகேட், உங்க மேரேஜ் சர்ட்டிஃபிகேட், பாஸ்போர்ட் பக்கம் மூணையும் முதல்லயே வைங்க. ரெண்டு பேர் ஃபைலும் ஒரே கவர்ல போகணும். பிள்ளைங்க பிறந்த நாட்டை அப்பா அம்மா எடுத்துக்க முடியாது, கணவன் மனைவிக்கு நடுவுலதான் இது.

அரபி பக்கத்துக்கு முழு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், மொழிபெயர்த்தவர் எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும், இது சரியானதுன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கணும். ஸ்பெல்லிங் வித்தியாசம் வளைகுடா சர்ட்டிஃபிகேட்ல சகஜம், அரபில எழுதி திரும்ப இங்கிலீஷ்ல எழுதும்போது மாறிடும். இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு அப்பா அம்மா கிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கி வைங்க, பழைய ஸ்கூல் ரெக்கார்டு ஒண்ணு சேர்த்து வைங்க. இதையெல்லாம் இப்பவே பண்ணிடுங்க, மாமா நல்லா இருக்கும்போதே அவர் கையெழுத்து வாங்கிக்கிறது நல்லது, எனக்கு என் மாமனார் போன பிறகு ஒரு பேப்பருக்கு நாலு மாசம் அலையிற மாதிரி ஆச்சு.

இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் காசு குடுத்து ஒரு இமிக்ரேஷன் லாயர்கிட்ட பேசிடுங்க.

விதைநிலம்:

லாயர் பத்தி நீங்க முதல்ல கேட்டீங்க. ரெண்டாவது தடவை நான் லாயர் இல்லாமதான் போட்டேன், சட்டப்படி ஒரு தடையும் இல்ல. உங்க வேலையை உங்களை விட யாரும் நல்லா எழுத முடியாது, எப்படியும் 80 சதவீதம் நீங்கதான் எழுதப் போறீங்க. எழுதி முடிச்சிட்டு ரிவ்யூ மட்டும் பண்ணித் தர்ற லாயர் இருக்காங்க, அது நடுவழி.

சின்ன விஷயத்துல திரும்பி வந்துடும், அதைப் பாத்துக்கோங்க. ஐ-140 ஃபீஸ் 715 டாலர். அதோட அசைலம் ப்ரோக்ராம் ஃபீஸ்னு ஒண்ணு இருக்கு, கம்பெனிக்கு 600, நீங்களே போட்டா 300. ரெண்டையும் தனித்தனியாத்தான் கட்டணும், சேர்த்து ஒரே தொகையா போட்டீங்கன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. 2025 அக்டோபர் கடைசில இருந்து பேப்பர் செக் வாங்குறதில்ல, கார்டுன்னா ஜி-1450 ஃபார்ம், பேங்க் அக்கவுன்ட்ன்னா ஜி-1650 ஃபார்ம். பெர்ம் இல்லன்னாலும் ஈடிஏ-9089 ஃபார்மோட அப்பெண்டிக்ஸ் ஏ-வும் ஃபைனல் டிடர்மினேஷன் பக்கமும் பூர்த்தி பண்ணி வைக்கணும், என் நண்பர் இதை விட்டுட்டுப் போட்டு ஆர்எஃப்இ வாங்கினார்.

பழையலேப்:

கம்பெனிக்குத் தெரியுமான்னு கேட்டியே, யாரும் பதில் சொல்லல. யூஎஸ்சிஐஎஸ் கம்பெனிக்கு ஒண்ணும் அனுப்ப மாட்டாங்க. ஆனா அடுத்த ஹெச்1பி நீட்டிப்பு அப்ப கேட்டா மறைக்கக் கூடாது, அதுவுமில்லாம மூணு வருஷ நீட்டிப்புக்கு அந்த அப்ரூவல் நோட்டீசைத்தான் நீ அவங்ககிட்ட குடுக்கப் போற. அப்ரூவ் ஆன பிறகு நீயே ஹெச்ஆர்கிட்ட நேரா சொல்லிடு. பைலட் டேட்டா கம்பெனியோடதுன்னா எவிடென்ஸா வைக்கிறதுக்கு முன்னாடி எது பப்ளிக், எது ரகசியம்னு பாத்துக்கோ. நகராட்சி மீட்டிங்ல வெளியிட்ட ரிப்போர்ட் எல்லாம் தாராளமா வைக்கலாம்.

புதுசு2025:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் யூஎஸ்லயே இல்ல, வெளிய இருந்து என்ஐடபிள்யூ போட முடியுமா? மூணு வருஷ பிஎஸ்சி, அப்புறம் 9 வருஷ அனுபவம்.

பழையலேப்:

வெளிய இருந்து தாராளமா போடலாம். ஆனா மூணு வருஷ பிஎஸ்சி-ய அவங்க நாலு வருஷ டிகிரிக்குச் சமமா பாக்காம விட வாய்ப்பு அதிகம், டிகிரியும் அஞ்சு வருஷ அனுபவமும்ங்கிற வழி அப்ப அடைபடும். எக்செப்ஷனல் எபிலிட்டின்னு இன்னொரு வழி, ஆறுல மூணு காட்டணும். தனி திரெட் போடுப்பா, வேலை என்னன்னு விவரமா எழுது, பாக்குறேன்.

நீரோட்டம்:

எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டேன். இந்த வாரம் ஆபரேட்டர் மூணு பேருக்கும் மெயில் போடுறேன், எண்டெவர் பக்கம் முதல் டிராஃப்ட் நேத்து ராத்திரி எழுதினேன், "வேலை பார்ப்பேன்"னு எங்கெல்லாம் வந்துச்சோ எல்லாத்தையும் அடிச்சுட்டேன், பாதி பக்கம் காலி ஆகிடுச்சு. மறுபடி எழுதிட்டிருக்கேன். மாமா அந்த மஞ்சக் கவரை கூரியர்ல அனுப்பட்டுமான்னு கேட்டார், வேண்டாம் மாமா, ஒரிஜினலை பத்திரமா வச்சுக்கோங்க, ஸ்கேன் மட்டும் அனுப்புங்கன்னு சொல்லியிருக்கோம். ரெண்டுபாஸ்போர்ட் அண்ணா, அஃபிடவிட்ல அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போடணுமா, ஒருத்தர் போதுமா?

ரெண்டுபாஸ்போர்ட்:

ரெண்டு பேரும் இருக்காங்கன்னா ரெண்டு பேரும் தனித்தனியா போடட்டும். ரெண்டு பேப்பர்லயும் அவர் பேரை சர்ட்டிஃபிகேட்ல இருக்கிற மாதிரி ஒரு தடவை, பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி ஒரு தடவை எழுதச் சொல்லுங்க. நோட்டரி சீல் பேர் மேல விழாம பாத்துக்கோங்க, என்னோடதுல அப்படி விழுந்து ரெண்டாவது தடவை எடுக்க வேண்டி வந்துச்சு.